உஷார்! ஐந்தாயிரத்தில் ஜீப்பைத் தூக்கித் தருகிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்

"ரெண்டு இஞ்ச் தூக்கிடலாம்ணே. அஞ்சாயிரத்துக்குள்ள முடிச்சிடலாம். சாயந்திரமே வண்டிய எடுத்துக்கலாம்."

ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் வழியாக மீன்சுருட்டி வரைக்கும், பழைய ஜீப்போ தாரோ பொலிரோவோ வைத்திருக்கும் தம்பிகள் பலருடைய காதில் இப்போது இந்தப் பேச்சு விழுந்துகொண்டிருக்கிறது. விழுந்த அன்றே சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அந்த ஐந்தாயிரத்தில் உயரம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அந்த உயரம் பிரேக்கிலிருந்தும் ஸ்டியரிங்கிலிருந்தும் பிடுங்கி எடுத்தது. அது தெரியவரும் இடம் முந்திரித் தோப்பாக இருக்காது. லாரிகள் வரிசை கட்டி வரும் திருச்சி – சிதம்பரம் நெடுஞ்சாலையாக இருக்கும்.

நம் ஊர் வண்டிகள் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். ஆண்டிமடம், செந்துறை பக்கத்து முந்திரிக்காட்டுச் செம்மண் தடம் கொஞ்ச தூரம். அணைக்கரைக்குக் கீழே கொள்ளிடத்துப் படுகை மணல் கொஞ்ச தூரம். மற்றதெல்லாம் தார்ச்சாலை. அதிலும் அரியலூர் மாவட்டத் தார்ச்சாலை என்றால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பரும் சிமென்ட் மூட்டை ஏற்றிய லாரியும் இரவு பகலாக ஓடும் சாலை. எதிரே டிப்பர் ஏறி வரும்போது சடாரென்று இடது பக்கம் ஒடித்து, மறுபடி வலது பக்கம் திருப்பவேண்டிய கணத்தில்தான், மலிவாகத் தூக்கிய வண்டியின் யோக்கியதை தெரியும்.

தேர் இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அத்தனை உயரமான தேரை, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுப் போட்டு, அடி அடியாகத்தான் நகர்த்துகிறார்கள். திருப்பத்தில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உயரத்தைக் கூட்டிய வண்டியை 80 கிலோமீட்டர் வேகத்தில் திருப்புகிறவர் அந்த நிதானத்தை மறந்துவிடக் கூடாது. கணக்கும் எளிதுதான். இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தில் பாதியை, வண்டியின் எடை மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை வண்டி கவிழும் அபாயத்தை மதிப்பிடுவது இந்த எண்ணை வைத்துத்தான். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். சக்கர அகலம் 150 சென்டிமீட்டர், எடை மையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால் 1.07 வரும். இரண்டு அங்குலம் தூக்கினால் அந்த உயரம் ஏறக்குறைய 75 ஆகிவிடும். எண் 1.00-க்கு இறங்கிவிடும். மேலே கேரியர் வைத்து, அதில் ஸ்டெப்னி டயரையும் நாலு பை சாமானையும் ஏற்றினால் இன்னும் இறங்கும். ஜீப் வகை வண்டிகள் கார்களைவிட ஏற்கெனவே சுலபமாகக் கவிழக்கூடியவை. மிச்சம் இருக்கும் கொஞ்சத்தையும் நாமே கரைக்க வேண்டாம்.

பலரும் ஏமாறும் இன்னொரு இடம் உண்டு. வண்டியைத் தூக்கினால் அடியில் கல் தட்டாது என்று நினைக்கிறார்கள். பழைய மஹிந்திரா ஜீப், ஜிப்ஸி, ஜிம்னி ஆகியவற்றுக்கு முன்னும் பின்னும் முழு அச்சுதான். பொலிரோவுக்கும் தாருக்கும் பின்பக்கம் அப்படி. அந்த அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்குகிறதே டிஃபரன்ஷியல், கல்லில் முதலில் இடிப்பது அதுதான். ஸ்பிரிங்குக்கு மேலே எதை வைத்து எவ்வளவு தூக்கினாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. பாடியும் சேசிஸும் மட்டும்தான் மேலே போகும். டிஃபரன்ஷியல் உயர வேண்டுமானால் டயர் பெரிதாக வேண்டும், வேறு வழி கிடையாது.

இப்போது சாமான்களுக்கு வருகிறேன்.

மலிவு வேலைகளிலேயே மோசமானது பிளாக். அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே ஒரு இரும்புக் கட்டையைச் செருகி, நீளமான யூ போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். பின்பக்கம் மட்டும், கம்பெனி செய்த ஒற்றைக் கட்டையாக, சென்டர் போல்ட்டின் தலை உட்காரக் குழியும் அடியில் குமிழும் உள்ளதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே நடப்பது வேறு. பழைய லாரியில் கழற்றிப் போட்ட இரும்பை வெட்டி, இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, விளிம்பில் வெல்டிங் அடித்துக் கட்டை என்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டை எந்த வண்டிக்கும் ஆகாது. முன் அச்சில் எந்தக் கட்டையும் ஆகவே ஆகாது. பிரேக் அடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே பாய்கிறது, முன் அச்சு முறுக்கிக்கொள்ளப் பார்க்கிறது. கட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு அந்த முறுக்கு கூடும், கட்டை பிதுங்கி வெளியே வந்துவிடும். முன் பட்டைக்கு அடியில் கட்டை வைக்கிறேன் என்று ஒரு மெக்கானிக் சொன்னால், அவர் எத்தனை வருஷம் தொழில் செய்தவராக இருந்தாலும் அந்த வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள்.

கட்டையைவிட எனக்குப் பயம் தருவது யூ போல்ட். ஒரு பட்டறையில் அதைச் செய்கிறதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். கட்டடக் கம்பி வாங்கும் கடையிலேயே வாங்கிய உருண்டைக் கம்பி. கேஸ் வெல்டிங் சுடரில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, ஒரு குழாய்த் துண்டைச் சுற்றி வளைத்தார்கள். உடனே வாளித் தண்ணீரில் முக்கினார்கள். 'சொய்ங்'கென்று ஆவி கிளம்பியது. பிறகு டை போட்டு மரை வெட்டினார்கள். பார்க்கப் புத்தம் புதிது, பெயின்ட்கூட அடித்தாகிவிட்டது. ஆனால் காய்ச்சி வளைத்த இடத்தில் இரும்பின் குணம் மாறிப் போகிறது. என்ன ரக இரும்பு என்றே தெரியாத கம்பியைத் தண்ணீரில் முக்கினால், வளைவு கண்ணாடி மாதிரி நொறுங்கும் பதத்துக்கு வரலாம், இளகியும் போகலாம். எது ஆகும் என்று காய்ச்சியவருக்கே தெரியாது. வெட்டிய மரையின் ஒவ்வொரு பள்ளமும் விரிசல் தொடங்க ஒரு வாசல். நல்ல யூ போல்ட்டில் மரையை வெட்ட மாட்டார்கள், அழுத்தி உருட்டி எடுத்திருப்பார்கள்.

யூ போல்ட் அறுந்தால் என்ன ஆகும் தெரியுமா? அச்சைப் பட்டையோடு பிடித்துக்கொண்டிருப்பது சென்டர் போல்ட் ஒன்றுதான் என்றாகிவிடும். சுண்டு விரல் தடிமன்கூட இல்லாத போல்ட் அது. அதுவும் அறுந்தால் அச்சின் ஒரு பக்கம் பின்னே நகரும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி குறுக்கே போகும். பிரேக் ஹோஸ் இழுபட்டுக் கிழியும், புரோப்பல்லர் ஷாஃப்ட் கழன்று தரையில் குத்தும். எதிரே சுண்ணாம்புக்கல் டிப்பர் வந்துகொண்டிருக்கும்.

அதனால் யூ போல்ட்டை மட்டுமாவது கம்பெனிப் பெட்டியில் வருவதாக வாங்குங்கள். ஏற்கெனவே ஒரு தடவை இறுக்கிக் கழற்றியதை மறுபடி போட விடாதீர்கள். இழுபட்ட இரும்பு மறுபடி அதே பிடிப்பைத் தராது. ஸ்பானரில் குழாயைச் செருகித் தொங்கி இறுக்குவதும் வேண்டாம், டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போங்கள். மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை, 500 கிலோமீட்டரில் இன்னொரு தடவை இறுக்கம் பார்க்க வேண்டும். புதுப் பட்டை படிந்து உட்கார உட்கார நட்டு தளரும்.

நீள ஷேக்கிள் இன்னொரு மலிவு வழி. பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு சேர்க்கும் இரண்டு தகடுகளை நீளமானதாக மாற்றுவது. ஷேக்கிளில் கூட்டிய நீளத்தில் பாதிதான் வண்டிக்கு உயரமாகக் கிடைக்கும். இரண்டு அங்குலம் தூக்க நாலு அங்குலம் நீட்ட வேண்டும் என்று அர்த்தம். அவ்வளவு நீண்ட தகடு பக்கவாட்டில் ஆடும். முன்பக்கம் போட்டால் கேஸ்டர் கோணம் மாறி, திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் போகலாம், நேர்ச்சாலையிலேயே வண்டி இங்கும் அங்கும் அலையலாம்.

2010-இல் வந்த முதல் தாரின் சி.ஆர்.டி.இ. வகையில் முன்பக்கம் டார்ஷன் பார். அதன் போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் ஏறிவிடும், சாமானே வேண்டாம், செலவு டீக்காசுதான். அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் சக்கரம் கீழே இறங்க வைத்திருந்த இடத்தைத் தின்றுதான் அந்த உயரம் வருகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்க இடமில்லாமல் ஆர்ம் நேராக ஸ்டாப்பரில் போய் அடிக்கும். பால் ஜாயிண்ட்டும் அச்சு ஜாயிண்ட் பூட்டும் எப்போதும் கோணலாகவே நின்று சீக்கிரம் போகும். ஒரு காலத்தில் இருந்து தொய்ந்துபோன உயரத்தைத் திரும்பக் கொண்டுவர ஓரளவு திருகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

2020-இல் வந்த புதுத் தார், 2023-இல் வந்த ஜிம்னி போன்ற காயில் ஸ்பிரிங் வண்டிகளுக்கு ஸ்பேசர் என்று ஒரு வட்டு விற்கிறார்கள். லேத்தில் கடைந்த நைலான் உருண்டையையும் இதே பெயரில் விற்கிறார்கள். ஜாக்கிரதை. தாரின் முன்பக்கம் காயிலுக்கு மேலே ஒரு அங்குலம் வைத்தால் சக்கரத்தில் இரண்டு அங்குலம் வரைகூட ஏறும். "ஒரு இஞ்ச்தானே" என்று நம்பி வாங்கியவருடைய வண்டி அவர் நினைத்ததைவிட அதிகம் தூக்கி நிற்கும். ஜிம்னியில் அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் நீளக் கம்பி ஒன்று இருக்கிறது. வண்டி ஏறும்போது அது முழு அச்சையும் ஒரு பக்கமாக இழுத்துவிடும். அதைச் சரிசெய்ய நீளம் மாற்றக்கூடிய கம்பி வேண்டும். ஸ்பேசர் விற்கிறவர் அதைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை, ஏனென்றால் விலை ஏறிவிடும்.

எந்த வழியில் தூக்கினாலும் ஒரு சோதனையைக் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். சேசிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சு முழுவதும் தொங்கட்டும். இப்போது ரப்பர் பிரேக் ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தால் அந்த வண்டி பட்டறையை விட்டு வெளியே வரவே கூடாது. முன் சக்கரங்களை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பாருங்கள். ஷாக் அப்சார்பர் முழுநீளம் இழுபட்டு, அதுதான் அச்சையே தூக்கிப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் அதன் கண்ணோ பிராக்கெட்டோ சீக்கிரம் பிய்யும். பழைய ஷாக்கையே வைத்துக்கொண்டு துண்டு பிராக்கெட் வெல்டிங் வைத்து நீட்டுவது தீர்வே கிடையாது. வண்டி உயர்ந்தால் அந்த நீளத்துக்கு ஏற்ற ஷாக்கும் சேர்ந்து வந்தாக வேண்டும்.

பின் பிரேக்கில் சில சுமை வண்டிகளிலும் ஜீப் வகை வண்டிகளிலும் ஒரு வால்வு இருக்கும். அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே போய் அதை அசைக்கும். பின்பக்கம் பாரத்தால் இறங்கினால் வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் தரும், ஏறினால் குறைக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டுக் கம்பியை அப்படியே விட்டால், வண்டி எப்போதும் காலியாக இருப்பதாகவே அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். ஆறு பேர் ஏறியிருக்கும்போதும் பின் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும். இந்தக் கம்பி விஷயம் தெரிந்த பட்டறைகள் மிகவும் குறைவு. கேளுங்கள், பதில் தெரியாவிட்டால் வேறு பட்டறை பாருங்கள். ஹெட்லைட்டையும் தாழ்த்தித் திருப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எதிரே பைக்கில் வருபவரின் கண்ணில் அடிக்கும்.

அப்புறம் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் இருக்கும் தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு, கேரளாவிலிருந்து வந்த வழக்கில் இதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாமல் சாமான் மாட்டி வண்டியை மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். ஸ்ரீநகரில் தார் வைத்திருந்த ஒருவருக்கு அங்குள்ள போக்குவரத்து நீதிமன்றம் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதித்து, பிறகு நன்னடத்தைப் பிணையில் விட்டது. அபராதத்தைவிட எனக்குக் கவலை இன்ஷூரன்ஸ். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் கம்பெனி பணம் தர மறுக்க அதுவே காரணமாகலாம். எதிராளி வீட்டுக்கு நஷ்ட ஈடு கொடுக்க நிலத்தை விற்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்?

சரி, தோப்புக்குள்ளும் படுகைக்குள்ளும் போகத்தானே வேண்டும், அதற்கு என்ன வழி என்று கேட்பீர்கள். நம் மண்ணைப் பாருங்கள். ஜெயங்கொண்டம் பக்கம் செம்மண்ணும் மணலும். அரியலூர் பக்கம் போனால் கரிசல். கார்த்திகை மழையில் கரிசல் டயர் பட்டை முழுக்க அப்பிக்கொண்டு சக்கரத்தை வழுக்கும் உருளையாக்கிவிடும். அங்கே உயரத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை, பிடிப்புள்ள டயர்தான் காப்பாற்றும். கொள்ளிடத்து மணலில் காற்றைக் குறைப்பதுதான் வேலை. 18 முதல் 20 பவுண்டுக்கு இறக்கி மெதுவாக ஓட்டினால், தூக்காத வண்டியும் மூழ்காமல் போகும். தார்ச்சாலை ஏறும் முன் காற்றை நிரப்பிவிட வேண்டும், அதற்கு ஒரு கையடக்க கம்பிரஸர் போதும். கைவசம் இருக்கும் பணத்தில் நான் முதலில் செலவழிக்கச் சொல்வது இதற்குத்தான். அடுத்தது தொய்ந்த பட்டைகள். பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய ஜீப்பில் பட்டை வளைவு இழந்து படுத்துக் கிடக்கும். கம்பெனிப் பட்டை செட்டும் புது புஷ்ஷும் நல்ல ஷாக்கும் போட்டால், வண்டி பிறந்த அன்றைய உயரத்துக்கே நிமிரும். பல ஜீப்புகளில் நீங்கள் தேடும் இரண்டு அங்குலம் அங்கேயே இருக்கும், சட்டத்தையும் மீற வேண்டாம்.

பெரம்பலூர் பக்கம் காரை மேட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்துக் கோடி ஆண்டுக்கு முந்தைய கடலின் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும் இடம் அது. உங்கள் டயர் ஏறினால் நொறுங்கியது நொறுங்கியதுதான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போங்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் போவது பற்றிப் பேச்சே வேண்டாம், அது அத்துமீறல்.

தூக்கித்தான் தீருவேன் என்கிறவர், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பிறகு முழு செட்டாக வாங்கட்டும். ஸ்பிரிங், ஷாக், யூ போல்ட், புஷ் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே தயாரிப்பாளர் செய்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் ஈமு, அயர்ன்மேன் போன்றவர்கள் அப்படிச் செட்டாக விற்கிறார்கள். விலை லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ போகும். அவ்வளவு பணம் இல்லை என்றால் காத்திருங்கள். பாதி செட்டை இப்போது, மீதியை அடுத்த போகத்துக்கு என்று மாட்டாதீர்கள். புது உயரத்தில் பழைய ஷாக்கோடு ஓடும் அந்த இடைக்காலம்தான் ஆபத்தானது.

கடைசியாக, பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு. ஏற்கெனவே தூக்கிய ஜீப்புகள் கன்சல்டிங் கடைகளில் 'ஆஃப்ரோடு ரெடி' என்று கூடுதல் விலைக்கு நிற்கின்றன. வாங்கும் முன் ஒரு பழைய சாக்கை விரித்து அடியில் படுத்துப் பாருங்கள். முன் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை தெரிந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். பின் கட்டையில் வெல்டிங் கோடு தெரிந்தாலும் அப்படியே. யூ போல்ட் வளைவில் கறுப்பாகவோ நீலமாகவோ எரிந்த தடம் இருக்கிறதா, நட்டுக்கு வெளியே மரை எவ்வளவு நீண்டிருக்கிறது, பிரேக் ஹோஸ் எங்காவது உரசித் தேய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புரோப்பல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், லொடக் லொடக்கென்று சத்தம் வரக் கூடாது. ஓட்டிப் பார்க்கும்போது ஆளில்லாத சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை நன்றாக அழுத்துங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், விற்பவர் "அலைன்மென்ட் பாத்தா சரியாயிடும் தம்பி" என்பார். அலைன்மென்ட்டை அவரே பார்த்துக் கொண்டுவரட்டும், அதுவரை முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.